தொடையில் ‘நரம்பு’ என்றால் எது?

தொடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் “நரம்பு இழுக்குது” என்று சொன்னால் அது எதுவாகவும் இருக்கலாம். தசை சுருண்டு கல்லாகப் பிடித்துக்கொண்டாலும் நரம்பு இழுக்குது. முதுகிலிருந்து ஷாக் அடித்த மாதிரி வலி இறங்கினாலும் நரம்பு இழுக்குது. முழங்காலுக்குப் பின்னால் கயிறு போல விறைத்து நிற்கும் தசைநாணும் பேச்சு வழக்கில் நரம்புதான். டிரிப் ஏற்ற வரும் நர்ஸ் “நரம்பே கிடைக்கல” என்பது ரத்தக்குழாயை. வெரிகோஸ் வெயினுக்கு ஊரில் நரம்பு சுருட்டல் என்று பெயர்.

இடுப்பும் இதே கதைதான். பெல்ட் கட்டும் இடம் இடுப்பு, ஊசி போடும் புட்டம் இடுப்பு, பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு உடைவதும் “இடுப்பு எலும்பு”. சொல்பவர் மேல் தப்பில்லை, கேட்பவர்தான் பிரித்துக் கேட்க வேண்டும். பிரிக்கத் தெரிய வேண்டுமென்றால் தொடைக்குள் என்ன எங்கே ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டியின் எலும்பிலிருந்தே தொடங்கலாம். அங்கே உடைந்தது பெரும்பாலும் இடுப்பு எலும்பு இல்லை, தொடை எலும்பின் மேல்முனை. ஃபீமர் எனப்படும் தொடை எலும்பு உடலிலேயே நீளமானது, கிட்டத்தட்ட ஆளின் உயரத்தில் கால் பங்கு. அதன் மேல்முனை நேராக இடுப்புக்குள் ஏறுவதில்லை. தண்டிலிருந்து உள்பக்கமாக ஒரு கழுத்து சாய்வாகப் புறப்பட்டு, அதன் நுனியில் உருண்டையான தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. “பந்துக் கிண்ண மூட்டு” என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கழுத்துக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள கோணம் பெரியவர்களுக்கு 125 முதல் 130 டிகிரி வரை. கழுத்து கொஞ்சம் முன்னாலும் திரும்பியிருக்கும், சுமார் 10 முதல் 15 டிகிரி.

இந்த வளைவு ஏன் என்று தெரிய ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். உடம்பு மறுபக்கம் சாயாமல் பிடித்து நிறுத்துவது இடுப்பின் வெளிப்பக்கத் தசைகள், முக்கியமாக குளூட்டியஸ் மீடியஸ். கழுத்து பக்கவாட்டில் நீண்டிருப்பதால்தான் அந்தத் தசைக்கு நெம்புகோல் கிடைக்கிறது. இந்த நிலையில் மூட்டின் மேல் விழும் பளு உடல் எடையைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை வரும். இடுப்பு மூட்டு வலிக்காரர் கைத்தடியை வலிக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்பதும் இதே கணக்குதான். எதிர்க் கை தரையை அழுத்தினால் அந்தத் தசை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை, மூட்டின் பளு குறையும். தெருவில் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் வலிக்கும் பக்கத்திலேயே தடியை ஊன்றிப் போவார்கள்.

கழுத்து உடைந்தால் ஏன் அவ்வளவு பயப்படுகிறார்கள்? காரணம் ரத்த ஓட்டம். எலும்பின் தலைக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பங்கு, மீடியல் சர்கம்ஃபிளெக்ஸ் ஃபெமோரல் தமனியின் கிளைகள் வழியாகக் கழுத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு ஏறுகிறது. கழுத்து முறிந்து விலகினால் அந்தக் குழாய்களும் அறுந்துபோகும், தலை பட்டுப்போகும். போதாததற்கு இந்த முறிவு மூட்டு உறைக்கு உள்ளே இருக்கிறது. மற்ற எலும்புகளை ஒட்டவைக்கும் மேலுறை இங்கே மெலிசு, சுற்றிலும் மூட்டுத் திரவம் வேறு. கழுத்துக்குக் கீழே, ட்ரொக்கான்டர் எனப்படும் மேடுகளுக்கு நடுவே உடைந்தால் விஷயமே வேறு. அங்கே பஞ்சு போன்ற எலும்பு, ரத்தம் தாராளம், ஒட்டிவிடும். சரியாக நிறுத்தி வைக்காவிட்டால் கோணலாக ஒட்டும், அதுதான் அங்கே சிக்கல். இரண்டு அங்குலத் தள்ளிவைப்பில் வைத்தியமே மாறிவிடுகிறது. வயதானவருக்குக் கழுத்து உடைந்து விலகினால் பெரும்பாலும் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைப்பார்கள், இளவயது என்றால் எப்படியாவது ஸ்குரூ போட்டுத் தலையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். மேட்டுப் பகுதி உடைந்தால் ஆணியோ பிளேட்டோ.

விழுந்தவர் மல்லாந்து கிடக்கும்போது உடைந்த கால் கொஞ்சம் குட்டையாகத் தெரியும், பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும். குதிகாலைத் தரையிலிருந்து தூக்கச் சொன்னால் முடியாது. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது: உடைந்த இரண்டு முனையும் ஒன்றுக்குள் ஒன்று குத்தி இறுகிவிட்டால் கால் நீளம் மாறாது, சிலர் நொண்டிக்கொண்டே நடந்தும் போவார்கள். முதல் எக்ஸ்ரேயிலும் தெரியாமல் போகலாம். வயதானவர் விழுந்தபின் கவட்டையில் வலி என்றால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் எம்ஆர்ஐ வரை போவதுதான் நியாயம். நாட்டுக்கட்டு இங்கே வேலை செய்யாது. கட்டு தோலுக்கு வெளியே, முறிவு கைக்கு எட்டாத ஆழத்தில். கட்டிப் படுக்கவைத்தால் எலும்பு ஒட்டுவதற்கு முன் படுக்கைப்புண்ணும் நிமோனியாவும் வந்துவிடும். ஒரு நாள், இரண்டு நாளுக்குள் அறுவை செய்துவிடப் பார்ப்பதும் அதனால்தான்.

தண்டுப் பகுதி உடைவது இன்னொரு ரகம். இதற்குப் பெரிய விசை வேண்டும், பைக் விபத்து மாதிரி. சுற்றிலும் தடித்த தசை இருப்பதால் தோல் கிழியாமலே 1 முதல் 1.5 லிட்டர் ரத்தம் தொடைக்குள் தேங்கிவிடும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது, தொடை மட்டும் வீங்கிக்கொண்டே போகும். பெரியவர் உடம்பில் மொத்த ரத்தமே 5 லிட்டர் அளவுதான். வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருப்பான், பீம வேடம் கட்டியவர் அவன் தொடையில் அடிப்பார். பாரதக் கதையில் தொடை உடைந்த துரியோதனன் உடனே சாவதில்லை, இரவு முழுக்கக் கிடந்து விடியும் நேரத்தில் உயிர் விடுகிறான். இரண்டு தொடையும் உடைந்தால் 2 முதல் 3 லிட்டர் உள்ளேயே போகும் என்று வைத்துப் பார்த்தால், அந்தக் காலக்கணக்கில் நம்ப முடியாதது ஒன்றுமில்லை.

சம்பவ இடத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காலை உருவி நேராக்கப் பார்க்காதீர்கள். 108-க்குச் சொல்லிவிட்டு, இரண்டு காலுக்கும் நடுவில் மடித்த போர்வையோ தலையணையோ வைத்து, நல்ல காலோடு சேர்த்துத் துண்டால் கட்டுங்கள்: கணுக்கால், முழங்காலுக்கு மேலும் கீழும், தொடை மேல்பகுதி. முறிவு இருக்கும் இடத்தின் மேலேயே முடிச்சு வேண்டாம். அக்குளிலிருந்து பாதத்தைத் தாண்டி எட்டும் பலகை கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் தொடையை அசையாமல் நிறுத்த வேண்டுமென்றால் இடுப்பும் முழங்காலும் சேர்ந்து நிற்க வேண்டும். தண்ணீர், காபி எதுவும் வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும். அடுத்த 1 முதல் 3 நாளுக்குள் மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, நெஞ்சிலோ அக்குளிலோ செம்புள்ளிகள் என்று வந்தால் மஜ்ஜையிலிருந்து கொழுப்பு ரத்தத்தில் கலந்திருக்கலாம். உறவினர்கள் “பயத்துல பேத்தறார்” என்று விட்டுவிடுகிற நேரம் அது.

இனி தசைகள். தொடையை மூன்று அறை உள்ள வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னறையில் முழங்காலை நீட்டும் குவாட்ரிசெப்ஸ், உள்ளறையில் தொடைகளைச் சேர்க்கும் அடக்டர்கள், பின்னறையில் முழங்காலை மடக்கும் ஹாம்ஸ்ட்ரிங்குகள். ஒவ்வொரு அறைக்கும் தனி நரம்பு: முன்னே ஃபெமோரல், உள்ளே ஆப்டுரேட்டர், பின்னே சயாட்டிக். முதல் இரண்டும் முதுகுத்தண்டின் எல் 2, எல் 3, எல் 4 நரம்பு வேர்களிலிருந்து வருகின்றன (எல் என்றால் கீழ்முதுகு, எஸ் என்றால் அதற்கும் கீழே), சயாட்டிக் எல் 4-இலிருந்து எஸ் 3 வரை ஐந்து வேர்கள் சேர்ந்தது. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. அடக்டர் மேக்னஸ் என்ற பெரிய தசை உள்ளறையில் இருந்துகொண்டே பாதி ஹாம்ஸ்ட்ரிங்காக வேலை செய்கிறது, இரண்டு நரம்பிடமும் கை நீட்டுகிறது.

இதையெல்லாம் உங்கள் காலிலேயே தொட்டுப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தரையில் அழுத்தி உள்ளே இழுங்கள். முழங்காலுக்குப் பின்னால் வெளிப்பக்கம் ஒரு தடித்த கயிறு எழும்பும், அது பைசெப்ஸ் ஃபெமோரிஸ். உள்பக்கம் நெடுக எழும்பும் மெல்லிய கயிறு செமிடெண்டினோசஸ், கிரிக்கெட்டர்களுக்கும் கபடிக்காரர்களுக்கும் முழங்கால் ஜவ்வு கிழிந்தால் பல சமயம் புது ஜவ்வு செய்ய எடுப்பது இதைத்தான். இப்போது சம்மணம் போடுவது போலக் காலை மடித்துத் தொடையை வெளியே திருப்புங்கள். இடுப்பின் முன்முனை எலும்பிலிருந்து குறுக்கே இறங்கி முழங்காலின் உள்பக்கம் போகும் நாடா போன்ற தசை சார்டோரியஸ், உடலிலேயே நீளமான தசை. லத்தீனில் தையல்காரன் தசை என்று பொருள். சம்மணம் கூட்டி உட்கார்ந்து தைத்த காலத்துப் பெயர்.

சார்டோரியஸ், உள்ளறையின் மெல்லிய தசையான கிரேசிலிஸ், செமிடெண்டினோசஸ் மூன்றும் வேறு வேறு அறையிலிருந்து வந்து முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் ஒரே இடத்தில் ஒட்டுகின்றன. வாத்துப் பாதம் மாதிரி இருப்பதால் அதையே பெயராகவும் வைத்துவிட்டார்கள். மூன்று தசை, மூன்று நரம்பு, ஒரே இடம். மாடி ஏறும்போது மூட்டுக்கு மூன்று விரல் கீழே, உள்பக்கம் வலிக்கிறது என்பவர்களில் பலருக்கு மூட்டுத் தேய்மானம் இல்லை, இந்த இடத்தின் வீக்கம்தான்.

குவாட்ரிசெப்ஸ்தான் முழங்காலைத் தாங்கி நிறுத்துவது. அது போய்விட்டால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மடங்கிவிடும். போலியோவில் இந்தத் தசையை இழந்தவர்கள் ஒரு கையைத் தொடையில் ஊன்றி அழுத்தியபடி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கை செய்வது குவாட்ரிசெப்ஸின் வேலை. முழங்காலில் அடிபட்டாலோ அறுவை நடந்தாலோ இந்தத் தசை பத்துப் பதினைந்து நாளிலேயே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வற்றும். வலியும் வீக்கமும் இருக்கும்வரை முதுகுத்தண்டே அதை அடக்கி வைக்கிறது, மனவுறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அளந்து பார்க்க, முட்டிச்சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் குறி வைத்து இரண்டு தொடையையும் டேப்பால் சுற்றுங்கள். முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்து அதைத் தரையோடு அழுத்தி 5 நொடி பிடிப்பது, 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. சின்னப் பயிற்சிதான், ஆனால் பலர் நான்காம் நாளே விட்டுவிடுவார்கள்.

கபடியில் எதிராளியின் முழங்கால் தொடையில் இடித்தால் என்ன செய்வோம்? எண்ணெய் போட்டு உருவி விடுவோம். இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. உள்ளே நசுங்கிய தசையில் தேங்கிய ரத்தம் உருவ உருவப் பெருகும், சில வாரத்தில் அந்தக் கட்டிக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பித்துவிடக்கூடும். மயோசைடிஸ் ஆசிஃபிகன்ஸ் என்பார்கள். முதல் 2, 3 நாளுக்கு உருவலும் சூட்டு ஒத்தடமும் வேண்டாம். முழங்காலை வலி தாங்கும் அளவு மடக்கி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். ஓடும்போது பின்தொடையில் சுருக்கென்று பிடித்தால் அது ஹாம்ஸ்ட்ரிங், பெரும்பாலும் பைசெப்ஸ் ஃபெமோரிஸின் நீளத் தலை. கால் முன்னால் வீசி வந்து தரையைத் தொடப்போகும் கணத்தில், தசை நீண்டுகொண்டே பிரேக் போடும் நேரத்தில் கிழிகிறது.

தொடையிடுக்குக்கு வருவோம். காலில் புண் வந்தால் கவட்டையில் நெறி கட்டும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். காலின் நிணநீர் எல்லாம் வடிந்து சேரும் முடிச்சுகள் அங்கே இருப்பதுதான் காரணம். இடுப்பின் முன்முனை எலும்புக்கும் நடு அந்தரங்க எலும்புக்கும் சரிபாதியில் விரல் வைத்தால் ஃபெமோரல் தமனி துடிப்பது தெரியும். அதற்கு வெளிப்பக்கம் நரம்பு, உள்பக்கம் சிரை, அதற்கும் உள்ளே குடலிறக்கம் நுழையக்கூடிய சின்ன இடைவெளி. தொடையில் வெட்டு விழுந்து ரத்தம் பீய்ச்சினால் காயத்தின் மேலேயே துணியை வைத்து முழு எடையோடு அழுத்துங்கள்.

தமனிக்குப் பக்கத்தில் ஓடும் அந்தச் சிரையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், பெயர்க் குழப்பம் தமிழுக்கு மட்டும் சொந்தமில்லை. ரத்தக்குழாய்களைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் ரிப்போர்ட்டில் “சூப்பர்ஃபிஷியல் ஃபெமோரல் வெயினில் ரத்த உறைவு” என்று எழுதியிருந்தால், மேலோட்டமான குழாய்தானே என்று யாராவது சாதாரணமாக விட்டுவிட வாய்ப்பு உண்டு. அது ஆழச் சிரை. உறைவு நுரையீரலுக்குப் போகக்கூடிய ரகம், மருந்து தொடங்கியே ஆக வேண்டும். இதனாலேயே இப்போது வெறும் ஃபெமோரல் வெயின் என்று எழுதச் சொல்கிறார்கள்.

தோலுக்கு மட்டும் உணர்ச்சி கொடுக்கும் ஒரு மெல்லிய நரம்பு இடுப்பின் முன்முனை எலும்புக்குப் பக்கத்தில், பெரும்பாலும் ஒன்றிரண்டு செ.மீ. உள்ளே தள்ளி, கவட்டைத் தசைநாருக்கு அடியில் நுழைந்து வெளித்தொடைக்கு இறங்குகிறது. பெல்ட் இறுக்கமாக உட்காரும் இடமும் அதுதான். நரம்பு நசுங்கினால் தொடையின் வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை, இரண்டு உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போகும், எரியும், எறும்பு ஊரும். வேட்டி உரசினாலே கூசும் என்பார்கள். நின்றால், நடந்தால் அதிகமாகும், உட்கார்ந்தால் குறையும். இதற்கு மெரால்ஜியா பாரஸ்தெடிகா என்று பெயர். 1895-இல் சிக்மண்ட் ஃபிராய்டு தனக்கே இது இருந்ததை எழுதியிருக்கிறார். டூட்டி பெல்ட், இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா, கர்ப்பம், தொப்பை, சர்க்கரை நோய் எல்லாம் காரணமாகலாம். பெல்ட்டைத் தளர்த்தி, எடை குறைத்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அடங்கிவிடும்.

இதை அடையாளம் காண, இல்லாததைத் தேட வேண்டும். மரப்பு முழங்காலைத் தாண்டாது. பலம் குறையாது. முட்டிச்சில்லுக்குக் கீழே தட்டினால் கால் வழக்கம்போல உதறும். மாடி இறங்கும்போது முழங்கால் மடங்கிப்போகிறது, அந்த உதறலும் இல்லை என்றால் பிரச்சினை ஃபெமோரல் நரம்பிலோ அதன் வேரிலோ இருக்கிறது, பெல்ட்டைப் பழிக்கக் கூடாது. சர்க்கரை நோயாளி ஒருவருக்குத் தொடையின் முன்பக்கம் இரவில் தூங்கவிடாத வலி வந்து, சில வாரத்தில் தொடை வற்றி, உடம்பும் இளைத்தால் அது டயபெடிக் அமையோட்ரோஃபி. சர்க்கரை அளவு சுமாராகக் கட்டுக்குள் இருப்பவருக்கும் வரும். மெதுவாகத் திரும்பும், மாதக்கணக்கில்.

கடைசியாகப் பெரிய நரம்பு. சயாட்டிக் உடலிலேயே தடிமனானது, தொடங்குமிடத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். புட்டத்தின் நடுவே, உட்காரும் எலும்புக்கும் தொடையின் வெளிமேட்டுக்கும் இடையில் இறங்கி, பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இரண்டாகப் பிரிகிறது. “இடுப்பு ஊசி” தப்பான இடத்தில் இறங்கினால் மாட்டுவது இதுதான். புட்டத்தை நான்காகப் பிரித்து மேல்வெளிக் கால்பகுதியில்தான் போட வேண்டும். பலர் செய்யும் தவறு, புட்டத்தின் சதை உருண்டையை மட்டும் நான்காகப் பிரிப்பது. பாவாடையையோ பேன்ட்டையோ நாலு விரல் இறக்கிவிட்டுத் தெரிந்த இடத்தைக் கணக்குப் போட்டால், “மேல்வெளி” என்று நினைத்த இடம் நடுவாகிவிடும். இடுப்பு எலும்பின் மேல்விளிம்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஊசி ஏறும்போதே காலில் மின்சாரம் பாய்ந்ததாகச் சொன்னால் மருந்தைச் செலுத்தாமல் உடனே எடுத்துவிட வேண்டும்.

நரம்புக்குள் மருந்து போனால் பெரும்பாலும் பாதம் தொங்கிப்போகும். சயாட்டிக்கின் வெளிப் பாதியான பெரோனியல் இழைகள்தான் சீக்கிரம் அடிபடுகின்றன, பாதத்தை மேலே தூக்குவது அவை. முழங்காலை மடக்கும் ஹாம்ஸ்ட்ரிங்குகளுக்குப் பெரும்பாலும் உள் பாதியிலிருந்து கிளை போவதால் அவை தப்பிவிடும். கால் மடங்கும், பாதம் மட்டும் செருப்பை இழுத்துக்கொண்டு வரும்.

கைக்குழந்தைக்குப் புட்டம் பக்கமே போவதில்லை. நம் தடுப்பூசித் திட்டத்தில் பென்டாவேலண்ட் ஊசி இடது தொடையின் முன்வெளிப் பக்கம் நடுவில், 0.5 மி.லி., செங்குத்தாக. அங்கே இருப்பது குவாட்ரிசெப்ஸின் வெளிப்பகுதியான வாஸ்டஸ் லேட்டராலிஸ், பெரிய நரம்போ குழாயோ வழியில் கிடையாது. ஆனால் அதே தசையில் வேறு வேறு மருந்துகளைத் திரும்பத் திரும்பக் குத்தினால் தசை நாராகி முழங்கால் மடங்காமல் போகும். 1970-களில் ஜப்பானில் இது பெரும் பிரச்சினையாக வெடித்தது.

முதுகு ஜவ்வு விலகிச் சயாட்டிக் வேர் நசுங்குகிறதா, வெறும் பின்தொடை இறுக்கமா என்று பிரிக்க ஒரு சோதனை உண்டு. மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெதுவாக உயர்த்துங்கள். 30-க்கும் 70-க்கும் இடைப்பட்ட டிகிரியில் வலி முழங்காலைத் தாண்டி கெண்டைக்கால், பாதம் வரை ஓடினால் நரம்பு. பின்தொடையிலேயே நின்றுவிட்டால் தசை. சந்தேகம் என்றால் காலைக் கொஞ்சம் இறக்கி, பாதத்தை மட்டும் முகத்துப் பக்கம் மடக்குங்கள். நரம்பென்றால் ஓட்டம் திரும்ப வரும்.

ஆப்டுரேட்டரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அது உள்தொடைத் தசைகளுக்குப் போகிற வழியில் இடுப்பு மூட்டுக்கும் ஒரு கிளை கொடுக்கிறது, முழங்கால் மூட்டுக்கும் ஒரு கிளை கொடுக்கிறது. அதனால் மேலே கோளாறு என்றால் கீழே வலிக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன், கொஞ்சம் பருமன், சில வாரமாக நொண்டுகிறான், “முட்டி வலிக்குது” என்கிறான். முட்டியை எக்ஸ்ரே எடுத்தால் குறையே இருக்காது, வளர்ச்சி வலி என்று டானிக் எழுதி அனுப்பிவிடுவார்கள். அவனை மல்லாக்கப் படுக்கவைத்து இடுப்பை மடக்கிப் பாருங்கள். மடக்க மடக்கத் தொடை தானாக வெளியே திரும்பினால், தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து சறுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்குமேல் அந்தக் காலை ஊன்ற விடக் கூடாது. தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், எக்ஸ்ரே இரண்டு இடுப்புக்கும் எடுக்கச் சொல்ல வேண்டும்.